பத்து ரூபாய் நாணயத்தை மறுத்தால் என்ன ஆகும்? நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
நாணயப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகள்,
பொருளாதார விவகாரத் துறை,
ஒன்றிய நிதி அமைச்சகம், புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் தமிழ்நாட்டின் ஒரு சிறு ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. நோட்டு, பேனா, சார்ட் அட்டை, ஜெராக்ஸ். முழுக்க முழுக்கச் சில்லறை வியாபாரம். அதனால் நாட்டின் நாணயங்கள் ஒவ்வொரு நாளும் என் கை வழியாகப் போய்வருகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை கடைக்கு வந்தாள். ஜியோமெட்ரி பாக்ஸ் பக்கம் பார்த்தாள், பென்சில் பக்கம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மூடியிருந்த கையை மெல்லத் திறந்து, "மாமா, இது செல்லுமா?" என்றாள். உள்ளே ஒரு பத்து ரூபாய் நாணயம், வியர்வையில் நனைந்திருந்தது. அவள் ஆயா கொடுத்தது. அதற்கு முன் இரண்டு கடையில் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"செல்லும்மா" என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அரசாங்கம் அச்சடித்த காசு, சிங்க முகம் போட்ட காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை ஏன் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும்?

அன்று இரவு 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதற்கு முன்னால் இருந்த சட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்லத்தான் இந்த மடல். ஏறக்குறைய 190 வருடமாக நம் நாணயச் சட்டங்கள் நாணயத்தை மக்களிடமிருந்து காப்பாற்றியிருக்கின்றன. சுரண்டாதே, வெட்டாதே, உருக்காதே, பதுக்காதே, போலி செய்யாதே. ஆனால் அந்த நாணயத்தை நம்பிக் கையில் வைத்திருப்பவரைக் காப்பாற்ற ஒரு வரி கூட அவற்றில் எழுதப்படவில்லை. அந்த ஒரு வரியை எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

1835லிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் இந்த நாட்டில் எத்தனை வகைக் காசு ஓடியது என்று நினைத்தாலே தலை சுற்றும். சென்னை மாகாணத்திலேயே வராகன், பணம், காசு என்று தனிக் கணக்கு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு வராகனை விட்டு வெள்ளி ரூபாயைச் சென்னையின் அடிப்படை நாணயமாக்கியது. அந்த ரூபாயின் எடை 180 கிரெயின் (அந்தக் காலத்துச் சிறு எடை அளவு), அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் இதே எடையையும் இதே மாற்றையும் (வெள்ளியின் தூய்மை அளவு)தான் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியது. நாடு முழுக்க ஒரே ரூபாய் என்பது சென்னை ரூபாயின் அச்சில் வார்த்த விஷயம் என்பது நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. சென்னைத் தங்கசாலைத் தெருவின் பெயரில்தான் அந்த நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே காசு அடித்த நாணயச் சாலை 1869இல் மூடிவிட்டது.

அதே 1835 சட்டம் இன்னொன்றும் செய்தது. தங்க நாணயம் இனிமேல் சட்டப்படி செல்லும் பணம் இல்லை என்று சொல்லிவிட்டது. தங்கமே ஆனாலும், சட்டம் செல்லாது என்றால் கடனைத் தீர்க்க உதவாது. உலோகத்துக்கு மேலே சட்டம் உட்கார்ந்த இடம் இது.

ஆனாலும் அன்று வெள்ளி ரூபாயை வைத்திருந்தவருக்கு ஒரு தைரியம் இருந்தது. கடைக்காரன் வாங்க மறுத்தால் தட்டானிடம் போகலாம், வெள்ளிக்கு வெள்ளி விலை கிடைக்கும். அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் அரசாங்க நாணயச் சாலையில் கொடுத்து, சிறிது கூலி கட்டி, ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். ரூபாயும் வெள்ளியும் ஏறத்தாழ ஒன்று.

1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறின. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, ரூபாயும் கூடவே சரிந்தது. லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகையைப் பிரிட்டிஷ் பவுண்டில் கட்டும் இந்திய அரசு திணறியது. இதை ஆராய ஹெர்ஷல் பிரபு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26ஆம் தேதி சட்டம் போட்டு, மக்கள் வெள்ளி கொண்டுவந்து ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தினார்கள்.

நம் நாணயத்தின் கதையில் இதுதான் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து ரூபாயின் மதிப்பு அதற்குள் இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட அதிகம். மீதி மதிப்பு அரசாங்கத்தின் வாக்கு. 1906இல் வந்த இந்திய நாணயச் சட்டம் அந்த வாக்கைத் திடமாக்கியது, 105 வருடம் உழைத்தது. 1940இல் வெள்ளியைச் சரிபாதியாக்கினார்கள். 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. என் கடையில் புழங்கும் ஒரு ரூபாயை எந்தத் தட்டானிடம் கொண்டுபோனாலும் அவர் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படியானால் அதை வைத்திருப்பவருக்கு இப்போது துணை யார்? சட்டம் ஒன்றுதான். ஆகவே முன்னைவிட இப்போது சட்டம் அவருக்குக் கூடுதலாகத் துணை நிற்க வேண்டும் இல்லையா? பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் நான் தேடிப் பார்த்தது இதைத்தான்.

1906 சட்டத்தில் எடை, மாற்று, ஏற்கக்கூடிய எடை வித்தியாசம், தேய்ந்த காசை என்ன செய்வது என்பதெல்லாம் மிகக் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. மோசடியாகச் சுரண்டப்பட்டது என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் காசை அங்கேயே வெட்டலாம். நஷ்டம் கொண்டுவந்தவர் தலையில். அவர் சுரண்டினாரா, யாரோ சுரண்டியது அவர் கைக்கு வந்ததா என்ற கேள்விக்கு அங்கே பெரிய இடம் இல்லை.

என் அப்பா ஒரு தகர டப்பாவில் பழைய காசுகளை வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஓட்டைக் காலணா நாலைந்து உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்தது. போர் நடந்த அந்த வருடங்களில் மக்கள் பயந்து சில்லறையைப் பதுக்க, தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதையே விதி போட்டுத் தடுத்தார்கள். அப்போதுதான் அரசாங்கத்தின் ஒரு ரூபாய் நோட்டும் திரும்ப வந்தது. காகிதமானாலும் சட்டத்தின் கண்ணில் அது நாணயம். இன்றைய சட்டத்தின் விளக்கத்திலும் அப்படியே இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இல்லாமல் நிதித் துறைச் செயலாளரின் கையெழுத்து இருப்பது அதனால்தான்.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை 1957ஆம் வருடத்தினுடையது. 1955இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா என்று ஆக்கினார்கள். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. பழைய காசும் புதிய காசும் சில வருடம் சேர்ந்தே ஓடின. மாற்றுக் கணக்குக்கு அட்டவணை போட்டார்கள். நாலணாவுக்கு 25 நயா பைசா (புதிய பைசா), அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஓரணா என்றால் ஆறேகால் வருகிறது. அரையோ அதற்குக் கீழேயோ வந்தால் விட்டுவிடு என்பது விதி, ஆகவே 6. இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை, அந்த அரையையும் விட்டு 12. மூன்றணாவுக்குப் பதினெட்டே முக்கால், அதனால் 19. ஒரே தடவை பதினாறு அணாவைக் கொடுத்தால் 100 பைசா. ஓரணா ஓரணாவாகப் பதினாறு தடவை கொடுத்தால் 96 பைசா. மீதி 4 பைசா போனது யாருடையது? ஓரணா ஓரணாவாகச் செலவு செய்கிறவர்களுடையது. ரூபாயாக எடுத்து நீட்டுபவருக்கு அந்த நஷ்டம் இல்லை. விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அந்த மாற்றமும் நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டத்தில் அரை பைசாவை விட்டுவிடும்போது அது யார் மடியிலிருந்து விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போதும் இல்லை.

"நயா" என்ற சொல் 1964இல் போய்விட்டது. நாலணா, எட்டணா என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

அப்புறம் 1971. உலோக விலை ஏறியதால் சில்லறைக் காசை உருக்கி விற்கும் வேலை நடந்தது. சிறு நாணயக் குற்றச் சட்டம் வந்தது. உருக்குவதும், உருக்குவதற்காகத் தேவைக்கு மேல் குவித்து வைப்பதும் குற்றம் ஆயின. தாமரைப் பூ போட்ட அந்த மஞ்சள் நிற இருபது காசை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இன்னும் இரண்டு இருக்கிறது.

கடைசியாக 2011. அந்த வருடம் ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள எல்லாக் காசும் செல்லாமல் போயின. அதே வருடம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய நாணயச் சட்டம் 2012 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. 1889ஆம் ஆண்டின் உலோக வில்லைச் சட்டம், 1906 சட்டம், 1918 வெண்கல நாணயச் சட்டம், 1940 அவசரச் சட்டம், 1971 சட்டம் ஆகிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்கினார்கள். நல்ல வேலை. சிதறிக் கிடந்ததை ஒரு இடத்தில் கொண்டுவந்தீர்கள், அதற்கு நன்றி.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரை செல்லும், ஐம்பது பைசா 10 ரூபாய் வரை செல்லும். வரம்பு நியாயமானது. 2022இல் தமிழ்நாட்டில் ஒருவர் மூட்டை மூட்டையாகப் பத்து ரூபாய் நாணயம் கொடுத்துக் கார் வாங்கிய செய்தியை நாடே பார்த்தது. இந்த நாணயம் செல்லும் என்று காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார், அவரை மதிக்கிறேன். ஆனால் ஒரு வியாபாரியை அத்தனை நாணயத்தை எண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டம் இடம் தராது, தரவும் கூடாது.

நாணயத்தை உருக்கினால் அல்லது அழித்தால் ஏழு வருடம் வரை சிறை. உலோகத் துண்டைப் பணமாகப் புழங்க விட்டாலும் தண்டனை உண்டு. சரி, செல்லும் நாணயத்தைச் செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால்? அந்தச் சட்டத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒன்றும் இல்லை. "செல்லும்" என்று 6ஆம் பிரிவு சொல்கிறது, "வாங்க வேண்டும்" என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

இந்த இடைவெளியில்தான் வதந்தி குடியேறியது. பத்து ரூபாய் நாணயத்தில் ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா, மேலே பத்துக் கோடா பதினைந்து கோடா என்று எண்ணிப் பார்க்கும் கூட்டம் உருவானது. குறி 2011இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த காசில் எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சொல்வார்கள் என்றும் ஏற்பாடு செய்தது. மாவட்ட ஆட்சியர்கள் பலர் தனித்தனியாக அறிக்கை விட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் குழந்தை என்னிடம் "செல்லுமா" என்று கேட்டாள். அறிவிப்பு போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் கடைக்காரன், கடைக்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் வீம்புக்காக மறுக்கவில்லை. நான் வாங்கினால் என்னிடமிருந்து யார் வாங்குவார்கள் என்ற பயம்தான். எனக்கே நடந்தது. சேர்ந்த நாணயங்களை மொத்த வியாபாரியிடம் கொடுத்தால் "நோட்டா கொடுங்க" என்கிறார். ஒரு வங்கிக் கிளைக்கு எடுத்துப் போனேன். எண்ண ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். வங்கிகள் நாணயத்தை மறுக்கக் கூடாது, கணக்கில் கட்ட வரம்பு கிடையாது, நூறு நூறாகப் பையில் போட்டு வந்தால் எடை போட்டுக்கூட வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நான் அதை அச்செடுத்துக் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் பாவம், படித்துப் பார்த்துவிட்டு மேலாளரிடம் அனுப்பினார். மேலாளர் விடுப்பில் இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடையில் நான் மறுத்தால் என்னை விட்டால் வேறு கடை. என்னிடம் வங்கி மறுத்தால் அந்தச் சங்கிலியே அறுந்துவிடுகிறது. அடுத்த நாளிலிருந்து நானும் "வேண்டாம்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே கடமை என்று ஒன்று எழுதினால் அது முதலில் வங்கிக் கவுண்டருக்கு இருக்கட்டும், அதன் பிறகு பேருந்துக்கு, அரசு அலுவலகத்துக்கு, கடைசியாக என் போன்ற கடைக்கு.

மிட்டாய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மீதி ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாயைக் கையில் வைக்கும் பழக்கம் ஊர் உலகம் அறிந்தது. நானும் முன்பு செய்திருக்கிறேன், தவறு. 1889ஆம் ஆண்டிலேயே தனியார் உலோக வில்லைகள் காசாகப் புழங்கக் கூடாது என்று சட்டம் போட்ட நாடு இது. வில்லை உலோகமாக இருந்தால் குற்றம், மிட்டாயாக இருந்தால் பரவாயில்லை என்பது என்ன கணக்கு? அந்த ஒரு ரூபாயை அந்த வாடிக்கையாளர் வேறு கடையில் மிட்டாயாகக் கொடுத்துப் பொருள் வாங்க முடியாதே.

இது புதுமையான கோரிக்கை இல்லை. பிரான்ஸில் 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே, போலியல்லாத, சிதையாத நாட்டு நாணயத்தை அதன் மதிப்புக்கு வாங்க மறுப்பவருக்கு 6 முதல் 10 பிராங்க் வரை அபராதம் என்று எழுதினார்கள். அந்தக் குற்றம் அங்கே இன்றைய சட்டத்திலும் இருக்கிறது; சிறை இல்லை, சிறு அபராதம்தான். யூரோ புழங்கும் நாடுகளிலோ ஒரே நேரத்தில் 50 நாணயத்துக்கு மேல் வாங்க யாரும் கட்டாயப்பட்டவர் இல்லை என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இங்கே இரண்டு பேருக்கும் தெரியாததால் வாட்ஸ்அப்பில் "மறுத்தால் தேசத்துரோக வழக்கு" என்று யாரோ மிரட்டுகிறார்கள். அந்த மிரட்டலைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு, நம்பாமல் மறுத்தவர்களும் உண்டு. யாரையும் சிறையில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை.

நம் மண்ணிலும் இந்த அக்கறை பழையதுதான். நாணயத்தைச் சோதிப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அது ஒட்டியிருக்கிறது. கல்வெட்டுகளில் நிலம் விற்றவர்கள் விலையை எழுதும்போது வெறும் காசு என்று விடாமல் "அன்றாடு நற்காசு" என்று எழுதினார்கள். அன்று வழங்கும் நல்ல காசு என்று பொருள். எந்தக் காசு செல்லும் என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 6ஆம் பிரிவில் சொல்லியிருக்கும் வரம்புக்குள் செல்லும் நாணயத்தை மறுக்கக் கூடாது என்று அதன் கீழேயே ஒரு துணைப்பிரிவு சேருங்கள். மறுத்தால் சிறு அபராதம், அதையும் முதல் தடவை எச்சரிக்கையோடு விடலாம். வங்கிக் கிளைக்கு மட்டும் அபராதம் கடுமையாக இருக்கட்டும், ஏனென்றால் அங்கே அடைத்தால் ஊர் முழுக்க அடைபடும். அந்தத் துணைப்பிரிவைத் தமிழில், அந்தந்த மாநில மொழியில், கவுண்டருக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இனி ஏதாவது நாணயத்தைத் திரும்பப் பெறுவதாக இருந்தால் கிராமத்துச் சுருக்குப்பை வரை செய்தி போய்ச் சேரும் அளவுக்கு அவகாசம் கொடுங்கள். புது வடிவம் விட்டால் பழைய வடிவமும் செல்லும் என்பதை அதே நாளில், அதே அறிவிப்பில் சொல்லுங்கள். வதந்தி வந்த பிறகு சொன்னால் அது மறுப்பு அறிக்கையாகத்தான் காதில் விழுகிறது.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் அதே கிளைக்குப் போகிறேன். 200 பத்து ரூபாய் நாணயம், நூறு நூறாக இரண்டு பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாணயத்துக்கு 7.71 கிராம் வீதம் ஒரு பையில் 771 கிராம் இருக்க வேண்டும். எடை போட்டு வாங்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பையின் மேலும் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒரு சில்லறை வியாபாரி